பத்துக்குப் பன்னிரண்டு அறை

எக்ஸ்ரே என்ற பெயரைத் தாடி என்று எல்லோரும் கூப்பிட்ட வகுப்புத் தோழன்தான் வைத்தான். சினிமாப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இருபதும் இருபத்தொன்றுமாக இருந்த பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே சினிமாப் பைத்தியம் என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்த முப்பத்திரண்டு வயதுக்காரி எழுந்து, "எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தேன். போன மாசம் வேலையை விட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "அப்ப எங்க எலும்பு வரைக்கும் தெரியும்" என்றான் தாடி. வகுப்பு சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. காலையில் இறங்கினால் மழையா வெயிலா என்பதை நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளியை எங்கே நிறுத்தினால் எது தெரியும் என்பதில் அவளுக்குப் பிடிப்பு வந்தது அங்கேதான். ஆனால் எட்டு வருஷம் அவள் எடுத்த எதிலும் முகம் இல்லை. முதுகெலும்பு, இடுப்பு, மணிக்கட்டு. ஒருநாள் உறையில் பெயர் எழுதும்போது அது யாருடைய மார்பு என்று நினைவுக்கு வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் எடுத்திருந்தாள். வேலையை விட்டதற்கு வீட்டில் பல காரணங்கள் சொன்னாள். இதைச் சொல்லவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. படம் சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். தப்பு பெரும்பாலும் எடுத்தவருடையதாக இருக்கும். கதிரின் அளவைக் குறைத்து வைத்திருப்பார்கள், படம் பதியும் தட்டைக் கோணலாகச் செருகியிருப்பார்கள். அதை யாரும் சொல்வதில்லை. வேலை பார்த்த நான்கு பேரும் சொன்னது ஒன்றுதான். "நீங்க அசைஞ்சிட்டீங்க." நோயாளிகள் நம்பினார்கள். நம்பியதோடு வெட்கப்படவும் செய்தார்கள். மணிக்கட்டு உடைந்து வந்த ஒரு தச்சர், கையை மரக்கட்டை மாதிரி வைத்திருந்தவர், "மன்னிச்சுக்கம்மா, இந்தத் தடவை அசையவே மாட்டேன்" என்று உடைந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவள் தட்டையே உள்ளே வைக்க மறந்திருந்தாள்.

படிப்பின் முடிவில் மூன்று பேருக்கு ஒரு குறும்படம். தாடி இயக்கம், அவள் கேமரா, காது என்று அழைக்கப்பட்ட இன்னொரு பையன் ஒலி. அந்தப் படத்தை வைத்துத்தான் அவளுக்குச் சான்றிதழ். அது இருந்தால் எந்த ஒளிப்பதிவாளரிடமாவது உதவியாளராகப் போய் நிற்கலாம். இல்லாவிட்டால் தரைக்குக் கீழே. "உன் இடம் காலியாத்தான் கிடக்கு. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்" என்று ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் செய்தி அனுப்பியிருந்தார்.

தாடியின் கதை சின்னது. ஒரு பெண், ஒரு அறை, ஒரு போன். வீட்டைவிட்டுப் போன கணவனின் எண்ணுக்கு அவள் போன் செய்கிறாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை. ஆனாலும் பேசுகிறாள். ஆறு நிமிஷப் படத்தில் நான்கு நிமிஷம் வெட்டில்லாமல் ஒரே டேக். அது தேறினால்தான் படம் தேறும். கதை தன் மண்டையில் உதித்தது என்றே தாடி நினைத்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் கேன்டீனில், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க வீட்டுல" என்று ஆரம்பித்து எக்ஸ்ரே சொன்னதை அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. திருத்தவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் பள்ளிக் கேமரா கிடைக்கும். சனிக்கிழமை காலை, நடிக்க வேண்டிய பெண் நாடகத்தில் வாய்ப்பு வந்து போய்விட்டாள். எக்ஸ்ரே அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

கூடப் பிறந்த அக்கா, பார்சல் கம்பெனியில் முகவரி ஒட்டும் வேலை பார்ப்பவள். தனியாக இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டில் உப்பு தீர்ந்துபோயிருந்தது, அத்தான் வாங்கப் போனார், வரவில்லை. குடும்பத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போலீஸிலும் இதைத்தான் எழுதிக்கொண்டார்கள். இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் அக்கா யாரிடமும் பேசியதில்லை.

"எனக்கு நடிக்கத் தெரியாதுடி."

"நடிக்க வேண்டாம்க்கா. உட்கார்ந்து போன்ல பேசினா போதும்."

"யார்கிட்ட?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டையும் மடித்து அடுக்கின பிறகு கேட்டாள்.

"என் கதையைத்தான் எடுக்கப் போறீங்களா?"

"அப்படியே இல்லக்கா."

"எப்படியே இல்ல?"

"இதுல அவர் உப்பு வாங்கப் போகல. சும்மா போயிடறார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவாயில்லை, நல்லா மாத்தியிருக்கீங்க" என்றாள். பிறகு, "ஒரு நாள்தானே, எடுத்துத் தொலைங்க. வீட்டைக் குப்பையாக்கினா மட்டும் துடைப்பம்தான் பேசும்" என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முதல் ஷாட் வெளியே பால்கனியில். அக்கா துணி காயப்போடுகிறாள். வெயில் கண்ணைப் பறித்தது. கேமராவின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே லென்ஸுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி வந்து நிற்கும். வெயிலுக்குக் கேமரா போட்டுக்கொள்ளும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் மூன்றாம் எண்ணுக்குத் திருப்பினாள். உள்ளே வரும் வெளிச்சத்தில் அறுபத்து நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். படம் கச்சிதமாக வந்தது. சக்கரம் எந்த எண்ணில் இருக்கிறது என்பது திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் தெரியும். ஆனால் தாடி, "அக்கா, இந்த எழுத்தெல்லாம் ஃப்ரேமை மறைக்குது, எடுத்துடுங்களேன்" என்று எக்ஸ்ரேயிடம் கேட்டான். எடுத்துவிட்டாள். திரை துடைத்த கண்ணாடி மாதிரி ஆனது.

பிறகு எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. கட்டில், பீரோ, ஒரு நாற்காலி, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். சுவர் நான்கும் வெள்ளை. கேமராவைப் பின்னால் தள்ள இடம் போதாமல் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். அதுவும் போதாமல் அறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கூடத்தில் வைத்தார்கள். ட்ரைபாடின் ஒரு கால் அறைக்குள்ளும் இரண்டு கால்கள் வெளியிலும் நின்றன. பீரோக் கண்ணாடியில் தாடியின் பாதி முகம் தெரிந்தது. "உன் முகத்தை யார் கேட்டா?" என்று காது அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டான்.

எக்ஸ்ரே கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். திரை கறுப்பாக இருந்தது. இருட்டு அல்ல, கறுப்பு. லென்ஸை முழுக்கத் திறந்தாள். ஜன்னல் மட்டும் ஒரு சாம்பல் சதுரமாகத் தெரிந்தது. அவள் கண்ணுக்கு அறை நன்றாகத்தான் தெரிந்தது. கண்ணை நம்பக் கூடாது, கண் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது என்று வகுப்பில் படித்திருந்தாள்.

பள்ளியிலிருந்து கொண்டுவந்த இரண்டு எல்இடி பலகைகளையும் போட்டாள். முகம் இருக்கும் இடத்தில் ஏதோ அசைவது தெரிந்தது. மூன்றாவதாக ஆயிரம் வாட் பல்ப் விளக்கு. அதைப் போட்டவுடன் வீடே அணைந்தது.

"ஃப்யூஸா?" என்றான் தாடி.

"ட்ரிப் ஆயிடுச்சு. ஃப்ரிட்ஜை அணைச்சாத்தான் நிக்கும்" என்றாள் அக்கா, நாற்காலியிலிருந்து எழாமலே.

ஃப்ரிட்ஜை அணைத்தார்கள். காதுக்குச் சத்தம் கேட்கிறது என்று மின்விசிறியையும் அணைத்தார்கள். பல்ப் மஞ்சள், ஜன்னல் நீலம். முகத்தின் இரண்டு பாதியும் இரண்டு வேறு பெண்களுடையது மாதிரி இருந்தது. பல்புக்கு முன்னால் நீலத் தாளைப் பிடித்தால் நிறம் ஒத்துவந்தது, வெளிச்சம் பாதியாகப் போனது. விளக்கைக் கிட்டே தள்ளினார்கள். இன்னும் கிட்டே. அக்காவின் கன்னத்துக்கு இரண்டு முழத்தில் ஆயிரம் வாட் எரிந்தது. வியர்வை வழிந்து பவுடர் கோடு கோடாக இறங்கியது.

"இதுக்கு அடுப்படியிலயே உட்காரச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அக்கா.

எக்ஸ்ரே கையடக்க ஒளிமானியை அக்காவின் தாடைக்குக் கீழே பிடித்து அழுத்தினாள். மானி வெளிச்சம் தாராளம் என்றது. விளக்கைத் தள்ளி வை, லென்ஸை மூடு என்றது. அவள் திரையைப் பார்த்தாள். மானியைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். அதே எண். "பேட்டரி செத்திருக்கு" என்றாள். அதன் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டாள். அந்த அறையில் அன்றைக்கு உண்மை பேசிய ஒரே பொருள் அந்த மானிதான்.

மிச்சம் ஒரே வழி. கேமராவின் உணர்திறனை ஏற்றினாள். எண்ணூறிலிருந்து மூவாயிரம், ஆறாயிரம், பன்னிரண்டாயிரம். ஏற்ற ஏற்ற படத்தில் புள்ளிகள் மொய்க்கும் என்று தெரியும். மூன்று அங்குலத் திரையில் முகம் கடைசியாக முகமாகத் தெரிந்தது. மூக்கு, கண், நெற்றி. போதும் என்றிருந்தது அவளுக்கு. லென்ஸ் முழுக்கத் திறந்திருந்ததால் நான்கு விரல் ஆழம்தான் துல்லியமாக இருக்கும். நாற்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். "இதைத் தாண்டி முன்னால சாயாதே அக்கா. சாஞ்சா மூக்கு தெரியும், கண்ணு தெரியாது."

"மூச்சு விடலாமா?"

"விடலாம்."

பதினொரு டேக்குகள் வீணாகப் போயின. ஒன்றில் பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியது. ஒன்றில் மேகம் வந்து ஜன்னல் அணைந்தது. மற்ற எல்லாவற்றிலும் அக்கா தாடியின் வசனத்தைப் பார்சலில் முகவரி ஒட்டுவது மாதிரி ஒட்டினாள். "நீ போன பிறகு என் நாட்கள் நிறமற்றுப் போயின" என்ற இடம் வரும்போதெல்லாம் நாக்குப் புரண்டது.

மூன்று மணிக்கு அக்கா வசனத் தாளைத் தரையில் வைத்தாள். "தம்பி, கோவிச்சுக்காதே. எந்தப் பொம்பளையும் இப்படிப் பேச மாட்டா. நானே ஏதாவது பேசறேன். ஒரே தடவை. நல்லா இருந்தா வச்சுக்கோ, இல்லேன்னா கடையைக் கட்டுங்க."

தாடி எக்ஸ்ரேயைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ஜன்னலில் வெயில் திரும்பியிருந்தது. கேமரா ஓடத் தொடங்கியது.

அக்கா போனைக் காதில் வைத்தாள்.

"நான்தான்" என்றாள். "கேஸ் தீர்ந்து போச்சு, நானே மாத்திட்டேன். இப்பல்லாம் எனக்கே மாட்ட வருது. உங்க சட்டை ரெண்டு இருந்துச்சுல்ல, நீலத்தைத் தரை துடைக்க எடுத்துட்டேன். கோடு போட்டது அப்படியே இருக்கு."

எக்ஸ்ரேயின் விரல்கள் லென்ஸின் வளையத்தில் இருந்தன. அக்காவின் கண்ணிமையைத் திரையில் பிடித்து வைத்திருந்தாள்.

"எல்லார்கிட்டயும் உப்பு வாங்கப் போனீங்கன்னு சொல்லியிருக்கேன். உப்பு இல்லாம இல்ல. டப்பா நிறைய உப்பு இருந்துச்சு. நீங்க உப்பு வாங்கிட்டு வரேன்னு சொன்னப்ப நான் டப்பாவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்களும் பார்த்தீங்க." அக்கா நிறுத்தினாள். "சரி போயிட்டு வாங்கன்னு செருப்பை எடுத்து வச்சேன். நான்தான் எடுத்து வச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு. ராத்திரி ஆனப்பதான் அழுகை வந்துச்சு. அதுவும் உங்களுக்காகவான்னு தெரியல."

அந்த இடத்தில் அக்கா ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தாள். எக்ஸ்ரேயின் கை தானாகத் திரும்பிக் கண்ணைத் துல்லியத்துக்குக் கொண்டுவந்தது. அக்கா சொல்வது அவள் காதில் விழுந்தது. ஆனால் மனம் முழுக்க அந்த நான்கு விரல் ஆழத்தில் இருந்தது. ஒரு முகத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை.

அக்கா போனை மடியில் வைத்தாள். தாடி கட் சொல்ல மறந்து நின்றான். காது ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குப் போய்க் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"வந்துச்சா?" என்றாள் அக்கா.

"வந்துச்சுக்கா."

"அப்ப சரி. இதை இனிமே என்கிட்ட கேட்காதே. அம்மாகிட்டயும் பேசாதே." எழுந்து ஃப்ரிட்ஜைப் போட்டாள். தரையெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர். பால் திரிந்திருந்தது. கதவைத் திரும்ப மாட்டத் தாடிக்குத் தெரியவில்லை. ஆள் வைத்துக்கொள்கிறேன், போய்த் தொலையுங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஸ்டோர்க்காரர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு டிக் போட்டார். லென்ஸ், மூடி, பேட்டரி மூன்று. கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வெளிப்புறமா எடுத்தீங்க?"

"இல்ல சார். ரூம்ல."

"சக்கரம் மூணுல இருக்கே" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலால் அதைப் பூஜ்யத்துக்குத் தள்ளினார். டக் என்று ஒரு சத்தம். அடுத்த டிக்கைப் போட்டார்.

அந்தச் சத்தம் போதும். பால்கனி, வெயில், துடைத்த திரை, மானி சொன்ன எண், அக்காவின் கன்னத்துக்கு இரண்டு முழத்தில் எரிந்த ஆயிரம் வாட், ஃப்ரிட்ஜ், நீலத் தாள் எல்லாம் வரிசையாக வந்தன. நாள் முழுக்க அவள் இருட்டோடு சண்டை போட்டிருக்கிறாள். இருட்டு அறையில் இல்லை. அவளே அதைக் கேமராவுக்குள் வைத்திருந்தாள்.

"கையெழுத்துப் போடும்மா" என்றார் ஸ்டோர்க்காரர்.

எடிட்டிங் அறையில் பெரிய திரை. தாடி பன்னிரண்டாவது டேக்கைப் போட்டான். அக்காவின் குரல் அறையை நிறைத்தது, மூச்சு முதற்கொண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எறும்புப் புற்றைக் கிளறிவிட்டது மாதிரிப் புள்ளிகள் மொய்த்தன. நீலம், சிவப்பு, பச்சை. அவற்றுக்கு அடியில் தலை போல ஒன்று இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளங்கள். ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தபோது பள்ளங்களும் சாய்ந்தன.

"ஸ்டைலுன்னு சொல்லிக்கலாமாக்கா?" என்றான் தாடி. குரலில் உயிர் இல்லை.

புள்ளிகளைத் துடைக்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார்கள். புள்ளிகள் போயின. கூடவே முகமும் மெழுகாக வழிந்து போனது.

கேமரா ஆசிரியர் வந்து பின்னால் நின்று முழுதும் பார்த்தார். "சவுண்டு பிரமாதம். முகம் எங்கே?" என்றார். பிறகு, எக்ஸ்ரேயின் முகத்தைப் பார்த்திருப்பார் போல, குரலை இறக்கினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. புதன்கிழமை அரை நாள் கேமரா தரச் சொல்றேன். அந்த அம்மாவை மறுபடி பேசச் சொல்லுங்க. அதே மாதிரி வரணும்."

சாயங்காலம் நான்கு மணிக்கு எக்ஸ்ரே அக்காவின் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். என் தப்புக்கா. ஒரு சக்கரத்தைத் திருப்ப மறந்துட்டேன். எல்லாமே ஒரே வாக்கியம்தான். நீளமும் இல்லை.

அறைக்குக் கதவு இன்னும் மாட்டவில்லை. கட்டில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. தரையில் சாக்பீஸ் கோடு பாதி அழிந்து கிடந்தது. அக்கா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள். "எப்படி இருக்கேன்?"

எக்ஸ்ரே வாயைத் திறந்தாள்.

"இன்னொரு தடவை எடுக்கணும்க்கா."

அக்கா அவளையே பார்த்தாள். "ஏன்?"

"நீ அசைஞ்சிட்டே."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. எட்டு வருஷம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சொன்ன வார்த்தை. கதவு இல்லாத வாசல் மாதிரி, அது வெளியே வர எதையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அக்காவின் முகம் மாறிவிட்டது. கோபமாக மாறியிருந்தால் எக்ஸ்ரே உண்மையைச் சொல்லியிருப்பாள்.

"எப்ப? செருப்புன்னு சொன்னப்பவா?"

"ம்."

"நான் அசையாமத்தான் இருந்தேன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. "நீ அவ்வளவு தூரம் கோடெல்லாம் போட்டுச் சொன்னே." நாற்காலியை இழுத்து, அழிந்த கோட்டைக் குனிந்து தேடி, அதன்மேல் சரியாக வைத்தாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டேனா? அந்தப் பிள்ளைங்க வேற பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுச்சுங்க."

"அதெல்லாம் இல்லக்கா..."

"இரு, சொல்லிப் பார்க்கறேன். சரியா இருக்கான்னு பாரு."

"கேமரா இல்லக்கா. புதன்கிழமைதான்."

"சும்மா பாருடி."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதில் வைக்கப் போனைத் தேடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒரு மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். கழுத்து விறைத்திருந்தது. கண்கள் சுவரில் ஒரே இடத்தில் நின்றன.

"கேஸ் தீர்ந்து போச்சு, நானே மாத்திட்டேன்" என்றாள். "உங்க சட்டை ரெண்டு இருந்துச்சுல்ல." ஒரு சொல்கூட மாறவில்லை. வரிசையும் மாறவில்லை. "டப்பா நிறைய உப்பு இருந்துச்சு" என்று சொன்னபோது உதடுகள் மட்டும் அசைந்தன. அது உப்பு டப்பாவைப் பற்றிய செய்தியாக இருந்தது.

ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அவளுடைய இடது கன்னத்தில் விழுந்து, மூக்கைத் தாண்டி, வலது பக்கத்தை மெல்லிய நிழலில் விட்டிருந்தது. நெற்றியில் இரண்டு சுருக்கங்கள், கீழ் இமையில் ஒரு மச்சம், எல்லாம் தெரிந்தன. அந்த அறையில் விளக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

"செருப்பை எடுத்து வச்சேன். நான்தான் எடுத்து வச்சேன்" என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமலே அக்கா கேட்டாள்.

"இப்ப அசைஞ்சேனா?"

"இல்லக்கா" என்றாள் எக்ஸ்ரே.